லைன் யாருக்கு முதலில்?

2024 ஜனவரி 3-ஆம் தேதிதான் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கடலடிக் கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது. 1,868 கிலோமீட்டர் நீளம். கவரத்தியையும் மற்ற பத்துத் தீவுகளையும் அது பெருநிலத்தோடு இணைத்தது. அதற்கு முன்பு அந்தத் தீவுக்கூட்டம் முழுவதற்கும் வெளியுலகத் தொடர்பு என்றால் செயற்கைக்கோள் வழியாக நொடிக்குக் கிடைத்த 1.7 ஜிகாபிட்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே இருப்பவர்கள் 64,473 பேர். இந்த 1.7 ஜிகாபிட்டை எல்லோருக்கும் சரிசமமாகப் பங்கு போட்டால் தலைக்கு நொடிக்கு 26 கிலோபிட் வரும். சாதாரண லேண்ட்லைன் எக்ஸ்சேஞ்சில் ஒரு மனிதக் குரல் போய்ச் சேரவே 64 கிலோபிட் ஒதுக்குகிறார்கள். ஒரே நொடியில் எல்லோரும் இணையத்துக்கு வரமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் கணக்கு சொல்லும் செய்தி தெளிவானது. வழி இவ்வளவு குறுகலாக இருக்கும்போது எல்லோருக்கும் சம பங்கு என்று பிரித்தால், லேண்ட்லைன் கணக்கில் பாதிக் குரல்கூட யாருக்கும் கிடைக்காது.

அப்படியானால் யாரோ ஒருவருக்கு முதலில் கொடுத்தாக வேண்டும். ஆஸ்பத்திரிக்கா, கலெக்டர் அலுவலகத்துக்கா, வங்கிக்கா, வீட்டில் படம் பார்ப்பவருக்கா, அதிகம் பணம் கட்டியவருக்கா? இது இன்ஜினியர்கள் கருவி அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்துவிடும் விஷயம் என்றே பொதுவாக நினைக்கிறோம். அந்த நினைப்பைத்தான் இந்தக் கட்டுரை எதிர்க்கிறது. குறுகிய வழியில் முன்னுரிமை தவிர்க்க முடியாதது. ஏற்கெனவே எல்லா நெட்வொர்க்கிலும் அது இருக்கிறது. எந்த அடிப்படையில், எவ்வளவு, யார் சொல்லி என்பவைதான் மிச்சமுள்ள கேள்விகள். பேசப்படும் விஷயத்தின் அவசரம்தான் அடிப்படையாக வேண்டும். முன்னுரிமைக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். விதிகளை நெருக்கடிக்கு முன்பே எழுதி மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் முன்னுரிமை அநியாயமாக முடிகிறது, அல்லது பயனற்றுப் போகிறது. நூறாண்டு அனுபவம் இதைத்தான் காட்டுகிறது.

இந்தியாவில் டிரங்க் கால் காலம் இதற்கு நல்ல பாடம். வெளியூருக்குப் பேச எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டு ஊர்களுக்கு நடுவே இருந்த டிரங்க் லைன்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. அர்ஜென்டுக்கு இரட்டைக் கட்டணம். லைட்னிங் அதற்கும் பல மடங்கு. ஆர்டினரியாகப் பதிவு செய்தவர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க, பின்னால் வந்த லைட்னிங் கால் முன்னால் போய்விடும். 1960-இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே நேரடியாக டயல் செய்யும் எஸ்.டி.டி. வசதி வந்து, அது மெல்ல மெல்ல நாடெங்கும் பரவும் வரை இதுதான் நடைமுறை. அவசரம் யாருக்கு என்பதை அளக்க எக்ஸ்சேஞ்சிடம் இருந்த ஒரே அளவுகோல், அழைப்பவரின் பணம் கட்டும் சக்தி. மாவட்டத் தலைநகர வியாபாரிக்குச் சந்தை விலை தெரிய வேண்டிய அவசரமும், கிராமத்துக் குடும்பத்துக்குச் சாவுச் செய்தி சொல்ல வேண்டிய அவசரமும் ஒரே தராசில் நின்றன. அந்தத் தராசில் யார் பக்கம் தாழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அந்த முறைக்கு ஒரு நேர்மை இருந்தது. கட்டண விகிதம் எல்லோருக்கும் தெரியும். யார் ஏன் முந்துகிறார் என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. இன்றைய நெட்வொர்க்குகளில் அந்த வெளிப்படைத்தன்மைதான் காணாமல் போயிருக்கிறது.

லைன் பற்றாக்குறையைக் கணக்காக எழுதிக் காட்டியவர் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏர்லாங். 1917-இல் அவர் தந்த சூத்திரத்தைத்தான் இன்றும் எக்ஸ்சேஞ்ச் வடிவமைப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள். இரண்டு ஊர்களுக்கு நடுவே பத்து லைன் இருக்கிறது. சராசரியாக எந்நேரமும் பத்துப் பேர் பேசும் அளவுக்கு அழைப்புகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். பத்துக்குப் பத்து சரியாகப் போயிற்றே என்று தோன்றும். உண்மையில் நூறு அழைப்பில் இருபத்தொன்று லைன் கிடைக்காமல் திரும்பும். ஏனென்றால் அழைப்புகள் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை, கும்பலாக வருகின்றன. ஊரில் ஏதோ நடந்து அழைப்புகள் இரட்டிப்பானால் நூறில் 54 திரும்பும். புயல் நாளில், வெள்ள நாளில், திருவிழா நெரிசலில் போன் ஏன் போவதில்லை என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் கிடையாது.

இங்கேதான் முன்னுரிமையின் சக்தி தெரிகிறது. அதே பத்து லைன், அதே பத்துப் பேர் அளவு பொது அழைப்பு. அதோடு சராசரியாக அரை லைன் அளவுக்கு உயிர்காக்கும் அழைப்புகளும் சேர்ந்து வருகின்றன. எந்த ஏற்பாடும் இல்லையென்றால் ஆம்புலன்ஸுக்கான அழைப்பும் அரட்டை அழைப்பும் ஒரே மாதிரி, நூறுக்கு 24 வீதம் திரும்பும். இப்போது ஒரே ஒரு விதி சேர்ப்போம்: கடைசி இரண்டு லைன்கள் மட்டும் மீதமிருக்கும் நிலையில் பொது அழைப்புகளை ஏற்கக் கூடாது, அவசர அழைப்பை மட்டும் ஏற்கலாம். ஏர்லாங் வழியிலேயே கணக்குப் போட்டால், அவசர அழைப்புகளில் திரும்புவது ஆயிரத்தில் ஒன்றாகக் குறைகிறது. பொது அழைப்புகளில் திரும்புவது 24-இலிருந்து 37 ஆக ஏறுகிறது. ஒரே ஒரு லைனை மட்டும் ஒதுக்கினால்கூட அவசர அழைப்பில் திரும்புவது நூறுக்கு ஒன்றரைதான். பொது அழைப்பில் 31. இந்த எண்களை மறைக்காமல் வைத்துப் பேசுவதுதான் நியாயம். முன்னுரிமைக்கு விலை உண்டு. அதைக் கொடுப்பவர்கள் மற்ற எல்லோரும். ஆனால் அந்த விலையைப் பத்துப் பேர் சிறிது சிறிதாகப் பகிர்ந்துகொண்டு, மறுமுறை டயல் செய்வதில் கழித்துவிட முடியும். மாரடைப்பு வந்தவர் வீட்டில் ஒரு அழைப்பு திரும்பினால் அதைக் கழிக்க முடியாது.

டெலிபோனில் லைன் இல்லையென்றால் அழைப்பு போகாது, அவ்வளவுதான். இணையத்தில் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் அங்கே யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, சுமார் 400 கஜ தூரத்தில், தொடர்பு வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. கேபிள் அறுந்துவிடவில்லை. கருவி எதுவும் பழுதாகவில்லை. தான் அனுப்பிய தகவல் துண்டு, அதாவது பாக்கெட், போய்ச் சேரவில்லை என்று நினைத்த ஒவ்வொரு கணினியும் அதே பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பிற்று. நெரிசல் கூடக்கூட அனுப்புவதும் கூடிற்று. கடைசியில் வழி முழுக்க ஏற்கெனவே அனுப்பிய சரக்கின் நகல்களே நிறைந்து நின்றன. வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் இதை ஆராய்ந்து, நெரிசல் தெரிந்ததும் ஒவ்வொரு கணினியும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை 1988-இல் வெளியிட்டார். இன்றைய இணையம் நிற்பது அந்தக் கட்டுப்பாட்டின் மேல்தான். எல்லோரும் முடிந்தவரை இழுத்துக்கொள்ளட்டும், வழி தானாகவே பிரித்துக்கொள்ளும் என்ற எண்ணத்துக்கு அந்த 40 பிட்டுக்கு மேல் பதில் வேண்டுமா?

ஆனால் ஜேக்கப்சனின் மருந்து எல்லோரையும் ஒன்றுபோல் பொறுமையாக இருக்கச் சொல்கிறது. பொறுமை எல்லாச் சரக்குக்கும் ஒன்றல்ல. பேச்சுக்குக் கொஞ்சம் இடம் போதும். சுருக்கி அனுப்பினால் எட்டு கிலோபிட்டிலும் குரல் புரியும். ஆனால் அது தாமதம் தாங்காது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லி நொடிக்குள் சேர வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பேசிக்கொள்ள ஆரம்பிப்பார்கள். 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள் வழியென்றால் போய் இறங்கவே கால் நொடி ஆகிவிடுகிறது. அதற்கு மேல் வரிசையில் வேறு நிற்க வைத்தால் பேச்சு பேச்சாக இராது. மொபைலுக்கு வரும் சாஃப்ட்வேர் அப்டேட்டோ அப்படியில்லை. அது ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் விட்டால் கிடைக்கிற வழி மொத்தத்தையும் விழுங்கும். இந்த இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்துவதைச் சமத்துவம் என்று சொல்ல முடியாது. குரலை முன்னால் விட்டால் அப்டேட் சில நொடிகள் தாமதமாகும், யாரும் உணரமாட்டார்கள். அப்டேட்டை முன்னால் விட்டால் குரல் செத்துப்போகும். இணையத்தை வடிவமைத்தவர்களுக்கு இது ஆரம்பத்திலேயே தெரியும். 1981-இல் வகுக்கப்பட்ட இணைய நெறிமுறையிலேயே ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் முன்னுரிமை எழுத மூன்று பிட் இடம் ஒதுக்கியிருந்தார்கள். 1998-இல் அது ஆறு பிட்டாக, 64 வகை குறிக்கும் அளவுக்கு, மாற்றப்பட்டது. இணையம் பிறந்தபோது எல்லாப் பாக்கெட்டும் சமம், பிறகுதான் கம்பெனிகள் அதைக் கெடுத்தன என்று ஒரு கதை உலவுகிறது. அது வரலாற்றுக்குப் பொருந்தாத கதை.

அந்த மூன்று பிட்டுக்குப் பின்னால் இருந்தது அமெரிக்க ராணுவத்தின் டெலிபோன் அனுபவம். 1960-களில் அவர்கள் அமைத்த ஆட்டோவான் என்ற தனி நெட்வொர்க்கின் போன்களில் வழக்கமான பன்னிரண்டு பொத்தான்களுக்கு வலப்பக்கம், மேலிருந்து கீழாக இன்னும் நான்கு பொத்தான்கள் இருந்தன. அவை முன்னுரிமைப் பொத்தான்கள். மேலே இருப்பதை அழுத்தினால், வழியில் லைன் காலியில்லாதபோது கீழ்நிலை அழைப்பு ஒன்று துண்டிக்கப்பட்டு அந்த லைன் இவருக்கு வரும். துண்டிக்கப்பட்டவர் காதில் ஒரு சிறப்பு ஓசை கேட்கும். எல்லோரும் மேல்பொத்தானையே அழுத்தினால்? அதற்குத்தான் எந்த போனுக்கு எந்த நிலை வரை அனுமதி என்பதை எக்ஸ்சேஞ்சிலேயே கட்டிவைத்தார்கள். மிக உயர்ந்த நிலை மிகச் சிலருக்கு மட்டும். இந்த ஒழுங்கு இல்லையென்றால் முன்னுரிமை நாளடைவில் நீர்த்துப்போகும். எல்லாமே அவசரம் என்றானபின் எதுவுமே அவசரமாக இராது. இன்றைக்கு ஒரு வங்கியோ பெரிய அலுவலகமோ கிளைகளுக்கு இடையே குத்தகை லைன் எடுக்கும்போது ரவுட்டரில் எழுதும் விதியும் இதையே சொல்கிறது. குரலுக்குத் தனி வரிசை, அது எப்போதும் முதலில். ஆனால் மொத்த வழியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கு இல்லை. வரம்பு வைக்காமல் முன்னுரிமை மட்டும் கொடுத்தால் மேல் வரிசை ஓயாமல் ஓட, கீழ் வரிசை பட்டினி கிடக்கும். நல்ல நெட்வொர்க் இன்ஜினியர் எவரும் முன்னுரிமையை உச்சவரம்பு இல்லாமல் எழுதுவதில்லை. இந்தத் தொழில் ஒழுக்கம் பொதுக் கொள்கைக்கும் வர வேண்டும்.

பணத்துக்கு வருவோம். அதிகம் கொடுப்பவருக்கு முதல் இடம் என்பதில் என்ன தவறு, அவசரம் உள்ளவர்தானே அதிகம் கொடுப்பார் என்று ஒரு வாதம் உண்டு. 1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக் கப்பலின் வயர்லெஸ் அறையில் நடந்தது அதற்குப் பதில். முந்தைய இரவு கருவி பழுதாகி, விடியற்காலையில் சரிசெய்யப்பட்டது. அதனால் பயணிகள் காசு கொடுத்து எழுதித் தந்த தந்திகள் குவிந்து கிடந்தன. ஆபரேட்டர்கள் மார்க்கோனி கம்பெனியின் ஊழியர்கள். பயணிகள் தந்திதான் வருமானம். கேப் ரேஸ் நிலையத்துக்கு அந்தத் தந்திகளை அவர்கள் அடித்துக்கொண்டிருந்தபோது, அருகிலிருந்த கலிஃபோர்னியன் கப்பலிலிருந்து, பனிக்கட்டி சூழ்ந்து நாங்கள் நிற்கிறோம் என்ற தகவல் குறுக்கே வந்தது. வேலையாக இருக்கிறேன், குறுக்கிடாதே என்று பதில் போயிற்று. கலிஃபோர்னியன் ஆபரேட்டர் சிறிது நேரத்தில் கருவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். 11.40-க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. டைட்டானிக் ஆபரேட்டரைக் குறை சொல்வதில் பயனில்லை. எச்சரிக்கையை முதலில் எடு, பணம் கட்டிய தந்தியைப் பிறகு அனுப்பு என்று கண்டிப்பாகச் சொல்லும் விதி அவர் மேசையில் இல்லை. அத்தகைய விதிகள் அதன்பிறகே இறுகின. இன்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் சாசனத்தில் 40-ஆவது பிரிவு, கடலிலோ நிலத்திலோ ஆகாயத்திலோ உயிர் காப்பது பற்றிய தகவலுக்கு முழுமுதல் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மிக அவசரமான தொற்றுநோய்த் தகவலையும் அதோடு சேர்க்கிறது. அரசாங்கத் தகவலுக்கு முன்னுரிமை அதற்கு அடுத்த 41-ஆவது பிரிவில்தான், முந்தைய பிரிவுக்கு உட்பட்டு, கேட்டுக்கொண்டால், இயன்ற அளவுக்கு வருகிறது. உயிர் முதலில், அரசாங்கம் அதற்குப் பிறகு. கட்டணம் கட்டியவர் அந்த இரண்டு பிரிவிலும் இல்லை.

நூறாண்டு கழித்தும் பாடம் முழுதாக ஏறவில்லை. 2018-இல் கலிபோர்னியாவில் மென்டசீனோ காட்டுத்தீயை அணைக்கப் போன சான்டா கிளாரா கவுன்டி தீயணைப்புத் துறையின் தகவல்தொடர்பு வாகனத்தில் இணைய வேகம் இருநூறில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கப்பட்டது. காரணம், மாத டேட்டா அளவு தீர்ந்துவிட்டது. தீ எரிந்துகொண்டிருக்க, இன்னும் விலை கூடிய பிளானுக்கு மாறச் சொன்னது வெரைசன் நிறுவனம். பிறகு, வாடிக்கையாளர் சேவையில் நடந்த தவறு என்று ஒப்புக்கொண்டது. தவறு ஓர் ஊழியருடையதாகவே இருக்கட்டும். ஆனால் கருவிகளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: இந்த சிம் எந்த பிளானில் இருக்கிறது. இது தீயணைப்பு வண்டி என்பதை நெட்வொர்க்குக்குச் சொல்ல எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை. பிளான் மட்டுமே அடையாளமாக இருக்கும் நெட்வொர்க்கில் இந்தத் தவறு மறுபடியும் நடக்கத்தான் செய்யும்.

இந்த இடத்தில் நெட் நியூட்ராலிட்டிக்காக, அதாவது இணையத்தில் பாரபட்சம் கூடாது என்பதற்காகப் போராடியவர்கள் ஓர் ஐயம் எழுப்புவார்கள்; அது நியாயமான ஐயம். முன்னுரிமை என்ற கதவைத் திறந்தால் அதன் வழியாக உள்ளே வருபவை ஆஸ்பத்திரிகளைவிடப் பெரிய கம்பெனிகளாகத்தான் இருக்கும் என்கிறார்கள். இந்தியா இதில் எடுத்த நிலை பெருமைக்குரியது. எந்த இணையதளம் என்பதை வைத்துக் கட்டணத்தை மாற்றக் கூடாது என்று 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தடை விதித்தது. பாரபட்சம் கூடாது என்ற அதன் 2017 பரிந்துரைகளை 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை ஏற்றது. அந்த ஏற்பிலேயே, தனித்தரம் கட்டாயம் தேவைப்படும் சில சிறப்புச் சேவைகளுக்கும் முக்கியமான கருவித் தொடர்புகளுக்கும் விலக்கு இருக்கிறது. நெரிசலைச் சமாளிக்க நியாயமான மேலாண்மைக்கும் இடமிருக்கிறது. ஆக, நெட் நியூட்ராலிட்டியும் முன்னுரிமையும் எதிரிகள் அல்ல. ஒரே வகைச் சரக்கை அனுப்புகிறவர் யார், கட்டியது எவ்வளவு என்று பார்த்துப் பிரிப்பதைத்தான் அந்தக் கொள்கை தடுக்கிறது. வகைக்கு வகை தேவை வேறு என்பதை அது மறுக்கவில்லை. 2020 ஜூலையில், கூடுதல் கட்டணக்காரர்களுக்கு 4ஜி நெட்வொர்க்கில் முன்னுரிமை என்று ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் விளம்பரப்படுத்திய பிளான்களை நிறுத்தி வைக்க டிராய் சொன்னது. மற்றவர்களின் வேகம் குறையாதா என்பதுதான் அதன் கேள்வி. ஒரே டவரின் அலைவரிசையில் ஒருவர் முந்தினால் இன்னொருவர் பிந்தியே ஆக வேண்டும். கோயிலில் சிறப்பு தரிசன வரிசை நகர்கிற ஒவ்வொரு முறையும் தர்ம தரிசன வரிசை நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விஷயம் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் வரை போனது. வோடஃபோன் ஐடியாவுக்கு இடைக்கால நிவாரணம் கிடைத்தது. என் முடிவு டிராயின் பக்கம்தான்: பற்றாக்குறை வழியில் முன்னுரிமையை விலைக்கு விற்பது, மற்றவர்களின் பங்கை எடுத்து விற்பதாகும்.

அவசரம்தான் அடிப்படை என்று ஒப்புக்கொண்டாலே போதாது. முன்கூட்டியே ஏற்பாடு இருக்க வேண்டும். 2005 ஜூலை 7-ஆம் தேதி லண்டன் ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்த நாளில் மொபைல் நெட்வொர்க்குகள் திணறின. அவசரப் பணியாளர்களின் போன்களை மட்டும் அனுமதித்து மற்றவற்றைத் தடுக்கும் ஏற்பாடு பிரிட்டனில் அப்போதே இருந்தது. அதை இயக்க வேண்டாம் என்று ஒருங்கிணைப்புக் குழு முடிவு செய்தது. மக்களிடம் பீதி பரவும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்தச் சிறப்பு போன்கள் உரிய ஆட்களின் கையில் இருக்கின்றனவா என்பதே நிச்சயமில்லை. ஆனால் சிட்டி ஆஃப் லண்டன் போலீஸ், ஆல்ட்கேட் நிலையத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு ஓடூ என்ற மொபைல் நிறுவனத்தின் நெட்வொர்க்கில் அதை இயக்கிவிட்டது. சில மணி நேரம் பொதுமக்களின் அழைப்புகள் பெரும் எண்ணிக்கையில் போய்ச் சேராமல் போயின. வீட்டாரைத் தேடியவர்கள் எத்தனை பேர் அதில் இருந்திருப்பார்கள்! லண்டன் பேரவையின் விசாரணைக் குழு அடுத்த ஆண்டு அறிக்கையில் இதைக் கடுமையாக விமர்சித்தது. 2009-இல் பிரிட்டன் அந்த முறையையே மாற்றியது. கருவி இருந்தும், அதைத் திருப்ப யாருக்கு அதிகாரம், யார் கையில் அனுமதி என்ற பட்டியல் ஒழுங்காக இல்லாததால் இழப்பு மட்டும் மிஞ்சியது.

இத்தனைக்கும் கருவி நம் ஒவ்வொருவர் பையிலும் இருக்கிறது. நாம் வைத்திருக்கும் சிம் கார்டுக்குள் 0 முதல் 9 வரை ஒரு வகுப்பு எண் எழுதப்பட்டிருக்கும். இதில் உயர்வு தாழ்வு கிடையாது. மக்களைப் பத்துச் சம கூறாகப் பிரிக்கும் எண் அது. டவர் திணறும்போது 0, 1, 2 வகுப்புகள் சிறிது நேரம் பொறுங்கள், பிறகு 3, 4, 5 பொறுங்கள் என்று முறை வைத்து நிறுத்த முடியும். எல்லோரும் ஒரே நேரத்தில் முட்டி யாருக்கும் கிடைக்காமல் போவதைவிட இது மேல். 11 முதல் 15 வரையிலான வகுப்புகள் தனி: பாதுகாப்புப் பணி, குடிநீர் போன்ற பொதுச் சேவை, அவசரச் சேவை, நெட்வொர்க் ஊழியர் ஆகியோருக்கானவை. சாதாரண சிம்களை நிறுத்தி வைக்கும்போதும் அவசர எண்ணை மட்டும் அனுமதிக்கத் தனியாக ஒரு குறிப்பும் டவரிலிருந்து ஒலிபரப்பாகும். 112-க்கு யார் அழைத்தாலும் போக வேண்டும் என்பது இதில் அடங்கியது. அழகான அமைப்பு இது: யார் அழைத்தார் என்பதைவிட எதற்கு அழைத்தார் என்பதற்கு மதிப்பு கொடுக்கிறது.

இதையெல்லாம் பேசுவதைவிட வழியை அகலப்படுத்திவிட்டுப் போகலாமே என்பதுதான் அடிக்கடி கேட்கும் ஆட்சேபம். பாதி உண்மை அதில் இருக்கிறது. லட்சத்தீவுக்கு 1.7 ஜிகாபிட்டை நுணுக்கமாகப் பங்கிட்டுக் கொடுத்ததைவிட 200 ஜிகாபிட் கேபிள் போட்டதுதான் உண்மையான தீர்வு. 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் திறக்கப்பட்டபோதும் அதுதான் நடந்தது. முன்னுரிமை விதிகளைக் காட்டி முதலீட்டைத் தள்ளிப்போடும் கம்பெனியை யாரும் மன்னிக்கக் கூடாது. ஆனால் அகலமான வழியும் ஒருநாள் அறுந்து குறுகும். 2008 ஜனவரி 30-ஆம் தேதி எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தன. ஒன்று சென்னையிலும் கரையேறும் சீ-மீ-வீ 4. இந்தியாவிலிருந்து மேற்கே போகும் இணையத் தொடர்பில் பெரும்பகுதி ஒரே நாளில் போயிற்று. 2022 ஜனவரி 15-ஆம் தேதி எரிமலை வெடித்தபோது டோங்கா நாட்டை ஃபிஜியோடு இணைத்த ஒரே கேபிள் அறுந்து, சரியாக ஐந்து வாரத்துக்கு மேலாயிற்று. சுமார் ஒரு லட்சம் பேர் கொண்ட நாடு செயற்கைக்கோளின் மெல்லிய இழையில் தொங்கியது. 2023 பிப்ரவரியில் தைவானின் மாட்சு தீவுகளுக்குப் போன இரண்டு கேபிள்களும் ஒரே வாரத்தில் அறுந்தன. இரண்டாவது வழி இருப்பதே போதும் என்று நினைத்தவர்களுக்கு மாட்சு பதில் சொல்லிவிட்டது. அகலப்படுத்தும் வேலை ஆண்டுக்கணக்கில் நடப்பது; நெருக்கடி ஒரு மதியத்தில் வருவது.

முன்னுரிமை என்றாலே யாரையாவது வெட்டுவது என்று பொருளில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து நாடே வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியபோது, இந்தியாவின் வீடியோ நிறுவனங்கள் கூடிப் பேசி, மொபைல் நெட்வொர்க்கில் 480பி தரத்துக்கு மேல் படம் அனுப்புவதில்லை என்று ஏப்ரல் 14 வரை ஒப்புக்கொண்டன. படம் நின்றுபோகவில்லை, தெளிவு சற்றுக் குறைந்தது. அந்த இடைவெளியில் வகுப்பும் மருத்துவ ஆலோசனையும் அலுவலகக் கூட்டமும் நடந்தன. சுருங்கக்கூடியதைச் சுருங்கச் சொல்வது, எதையும் துண்டிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம்.

கடைசி ஆட்சேபத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இந்த அதிகாரத்தை அரசாங்கத்தின் கையில் கொடுத்தால், நாளைக்கே மந்திரி பங்களாவுக்கும் அதிகாரி வீட்டுக்கும் முதல் வகுப்பு சிம் போகாதா? பேரிடர் என்ற பெயரில் பொதுமக்களின் வாயை அடைக்க மாட்டார்களா? போராட்டம் என்றால் இணையத்தையே நிறுத்திவிடும் பழக்கம் உள்ள நாட்டில் இந்தப் பயம் வீணானதல்ல. ஆனால் விதி இல்லாமல் இருப்பது இதற்கு மருந்தாகாது. விதி இல்லாத இடத்தில்தான் செல்வாக்கு உள்ளவரின் ஒரு போன் அழைப்பு விதியாகிவிடுகிறது. முன்னுரிமை பெறும் பணிகள் எவை என்ற பட்டியல் வெளியாகட்டும், ஆட்களின் பெயர் வேண்டாம், பதவியும் பணியும் போதும். மொத்த வழியில் எத்தனை சதவீதத்துக்கு மேல் இதற்குப் போகக்கூடாது என்ற வரம்பு இருக்கட்டும். பொதுமக்களின் குரல் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் எந்த நெருக்கடியிலும் கைவைக்கக் கூடாத ஒரு குறைந்தபட்சப் பங்கு எழுதப்படட்டும். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவரின் குறுஞ்செய்தியும் உயிர்காக்கும் தகவல்தானே. எப்போது இயக்கப்பட்டது, எப்போது நிறுத்தப்பட்டது என்ற பதிவேடு பிறகு மக்கள் முன் வைக்கப்படட்டும்.

இதற்கான சட்ட வாசல் திறந்தே இருக்கிறது. நெருக்கடிக் காலத்தில் மீட்புப் பணிக்கு அனுமதிக்கப்பட்டவர்களின் தகவல்களை முன்னுரிமையோடு அனுப்ப மத்திய, மாநில அரசுகள் ஏற்பாடு செய்யலாம் என்று 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 20-ஆவது பிரிவில் சொல்கிறது. டிராய் இதே கருத்தைப் பரிந்துரைத்தது 2013-இல். அதே 20-ஆவது பிரிவுதான் தொடர்பை நிறுத்தி வைக்கவும் அதிகாரம் தருகிறது என்பதால், எழுதப்பட்ட வரம்பு இரண்டு மடங்கு அவசியம். வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் கதவைத் தட்டும் தமிழகக் கடற்கரை மாவட்டங்களில், 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் சிம் எந்த வகுப்பில் இருக்கிறது, மின்வாரிய லைன்மேனின் சிம் எந்த வகுப்பில் இருக்கிறது, மீனவக் கிராமத்துக்கு எச்சரிக்கை சொல்லும் அலுவலரின் சிம் எந்த வகுப்பில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளை மாவட்ட நிர்வாகமும் தொலைபேசி நிறுவனங்களும் மழைக்கு முன்பே எழுத்தில் தெளிவுபடுத்த வேண்டும். அந்தப் பதில் ஆம்புலன்ஸ் நிலையத்திலும் தாலுகா அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் கவுன்சிலரிடமும் அடுத்த முறை மனு கொடுக்கப் போகும்போது சாலைக்கும் குடிநீருக்கும் கீழே இந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள்.